வெறுங்காலும் வீட்டுத் தரையும்

சித்திரை மாதத்து நடுப்பகலில், உண்டு முடித்தபின் சற்றே கண்ணயர விரும்பும் ஒருவர், கோரைப்பாயை விரித்துப் படுத்து, இரண்டொரு முறை புரண்டு பார்த்துவிட்டு, பாயை ஒதுக்கித் தள்ளி வெறுந்தரையிலேயே உடம்பைக் கிடத்துவது நம் வீடுகளில் யாவரும் கண்ட காட்சியே. காரணம் கேட்டால், தரைதான் சில்லென்று இருக்கிறது என்பார். ஆனால் அந்தப் பாயும் அந்தத் தரையும் ஒரே அறையில், ஒரே காற்றில், காலை முதல் கிடந்தவை. யாரும் படாமல் நெடுநேரம் கிடந்த பாயின்மீதும் அதற்கு அருகிலுள்ள தரையின்மீதும் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தால், அது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். உஷ்ணமானி ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்கிறது. இரண்டில் எதை நம்புவது?

குளிர்ச்சி என்பது கல்லின் சுபாவம் என்று சொல்லி இதைத் தீர்த்துவிடவும் இயலாது. அப்படியானால், கோயிலின் உள்மண்டபத்தில் பாதத்துக்கு இதமாயிருக்கும் அதே கருங்கல், உச்சிவேளையில் வெளிப்பிரகாரத்தில் கால் பாவ முடியாதபடி சுடுவானேன்? அங்கே தேங்காய் நார் விரிப்பின்மேல் நடக்கிறவர்கள், கல்லின்மேல் காய்கிற அதே வெயிலில் காய்ந்த விரிப்பு அவ்வளவு சுடாதிருப்பதையும் அனுபவத்தில் அறிவார்கள். ஆகவே கல்லிடம் இருப்பது குளிர்ச்சியும் அன்று, வெம்மையும் அன்று. இரண்டையும் மிகைப்படுத்திக் காட்டும் வேறொரு குணம்.

இந்தக் குணத்தை ஆராய்வதற்குத் தகுந்த காரணமும் உண்டு. இன்று வீடு கட்டும் ஒருவர், தரைக்கு என்ன போடுவது என்று தீர்மானிக்க முற்பட்டால், சலவைக்கல், கிரானைட், கடப்பைக்கல், விட்ரிஃபைடு டைல்ஸ், மொசைக், சிவப்பு ஆக்சைடு பூசிய சிமெண்டுத் தரை, ஆத்தங்குடிக் கல், மரம், மரத்தைப்போல் தோன்றும் பலகைகள் என்று ஒரு நீண்ட வரிசை அவர்முன் வந்து நிற்கிறது. கடைக்காரர் நிறத்தையும் மினுக்கத்தையும் காட்டுகிறார். உறவினர் அவரவர் வீட்டு அனுபவத்தைக் கூறுகிறார். ஒரு பதார்த்தத்தின் உள்ளமைப்பு அதன்மேல் நடக்கிறவருக்கு என்ன செய்கிறது என்பதை எடுத்துரைப்பார் அரியர். அதைத்தான் இங்கே ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க விரும்புகிறேன்.

பாயும் தரையும் பற்றிய நம் புதிரை, வேறொரு வடிவத்தில், பெஞ்சமின் பிராங்க்ளின் 1757-ஆம் ஆண்டிலேயே ஜான் லைனிங் என்னும் மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறார். தாம் எழுதிக்கொண்டிருந்த மரமேசையும் அதில் பதித்த உலோகப் பூட்டும் ஒரே காற்றில் ஒரே உஷ்ணத்தில் இருந்தும், தொட்டால் பூட்டு மட்டும் அதிகமாகக் குளிர்வதை அவர் கவனித்தார். பூட்டு உண்மையில் குளிர்ந்திருப்பதால் அன்று, கையிலுள்ள சூட்டை அது மரத்தைவிட விரைவாகத் தன்னுள் இழுத்துக்கொள்வதாலேயே அவ்வாறு தோன்றுகிறது என்று காரணமும் கூறினார். ஏறத்தாழ 270 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த விளக்கத்தில் திருத்த வேண்டியது ஒன்றுமில்லை. நுட்பமாக்க வேண்டியது மட்டும் உண்டு.

வறண்டு கிடக்கும் வயலுக்கு மடையைத் திறந்துவிட்டால், நீர் எவ்வளவு வேகமாக மண்ணுக்குள் இழுபடும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: மண் தன்னூடே நீரை எவ்வளவு எளிதில் செல்லவிடுகிறது என்பது ஒன்று, அந்த மண்ணில் எவ்வளவு நீர் அடங்கும் என்பது மற்றொன்று. நம் பாதத்திலிருந்து தரைக்குள் இறங்கும் வெப்பமும் அப்படியே. தரை வெப்பத்தைத் தன்னூடே செலுத்தும் ஆற்றலை வெப்பக் கடத்துதிறன் என்றும், ஒரு கன அளவுள்ள பதார்த்தம் ஒரு பாகை சூடேறுவதற்கு எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது என்பதை வெப்பக் கொள்ளளவு என்றும் கூறுவர். இரண்டும் கூடி நிர்ணயிக்கும் பண்பை வெப்ப வாங்குதிறன் என்று நாம் பெயரிட்டுக்கொள்ளலாம். கருங்கல் மரத்தைக் காட்டிலும் 15 முதல் 20 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது. அதே கன அளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை வாங்கியும் வைத்துக்கொள்கிறது. கோரைப்பாயோ பெரும்பாலும் தண்டுகளுக்கு உள்ளும் இடையிலும் அடைபட்ட காற்றே. அசையாத காற்றைப்போல் வெப்பத்தைத் தடுப்பவை வெகு சில. எனவே பாயின்மேல் படுத்தவுடன், உடம்புச் சூடு போக்கிடமின்றி அங்கேயே தேங்கி, பாயின் மேற்பரப்பு சிறிது நேரத்தில் உடம்பின் உஷ்ணத்துக்கே வந்துவிடுகிறது.

பாதத்தின் தோல் 33 பாகை செல்சியஸ், தரை 29 பாகை என்று வைத்துக்கொள்வோம். கால் பட்ட கணத்தில் தோலும் தரையும் சந்திக்கும் இடம் எந்த உஷ்ணத்துக்கு வரும் என்பதைப் பதார்த்தங்களின் அளந்தறிந்த குணங்களைக்கொண்டு கணக்கிடலாம். கிரானைட்டிலும் சலவைக்கல்லிலும் அது 30.3 பாகையளவுக்கு இறங்கும். விட்ரிஃபைடு டைலிலும் சிமெண்டுத் தரையிலும் 30.7 அளவில் நிற்கும். மரத்தில் 32-க்குக் கீழே போகாது. மரத்துக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளி பாதத்துக்கு ஐயமறத் தெரியும். ஆனால் சலவைக்கல்லுக்கும் டைலுக்கும் உள்ள வேற்றுமை அரைப்பாகைகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குளிர்ச்சி ஒன்றையே கருதி, டைலைவிடப் பன்மடங்கு விலை கொடுத்துச் சலவைக்கல் வாங்குவது தேவையற்ற செலவு என்பது என் துணிபு.

இதெல்லாம் ஏட்டுக் கணக்குத்தானே, கண்ணால் காண முடியுமா என்று கேட்பவர்கள், ஒரே அச்சில் உறையவைத்த இரண்டு பனிக்கட்டிகளை எடுத்து, ஒன்றைக் கிரானைட் துண்டின்மேலும் மற்றொன்றை மரப்பலகையின்மேலும் வைத்துப் பார்க்கலாம். தொட்டால் குளிரும் கல்லின்மேல் பனிக்கட்டி நெடுநேரம் கரையாதிருக்கும் என்றே பலரும் எதிர்பார்ப்பார்கள். நடப்பது நேர்மாறு, கல்லின்மேல் வைத்தது மளமளவென்று உருகி ஓட, பலகையின்மேல் வைத்தது மெல்ல மெல்லவே கரையும். பனிக்கட்டியைவிடக் கல் சூடானது. சூட்டை விரைவாக வாங்குவது விரைவாகக் கொடுக்கவும் செய்யும். அவ்வளவுதான்.

நம் சருமமும் உஷ்ணமானி அன்று. சருமத்திலுள்ள நரம்பு நுனிகள் அறிவது தரையின் உஷ்ணத்தையன்று, தம்மைச் சூழ்ந்த தோலின் உஷ்ணத்தையும் அது மாறும் வேகத்தையுமே. மிளகாயின் காரச்சத்து நரம்பில் எந்த வாயிலைத் திறக்கிறது என்று தேடிய டேவிட் ஜூலியஸ், 1997-இல் கண்டுபிடித்த புரதம், 43 பாகைக்கு மேற்பட்ட சூட்டாலும் தானே திறந்துகொள்வது தெரியவந்தது. 2002-இல் அவரும் ஆர்டம் பட்டாபூட்டியனும் தனித்தனியே, புதினா வகைச் செடிகளிலுள்ள மெந்தாலைக்கொண்டு குளிர்ச்சிக்குரிய வாயிலையும் கண்டறிந்தனர். 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. வெளிப்பிரகாரத்துப் புதிரை இப்போது அவிழ்க்கலாம். வெயிலில் 55 பாகைக்குக் காய்ந்த கருங்கல்லில் கால் வைத்தால், தோல் படும் இடம் 48 பாகையளவுக்கு ஏறிவிடும். அதே 55 பாகையிலுள்ள மரப்பலகையில் 38-ஐத் தாண்டாது. வலியை அறிவிக்கும் 43 பாகை இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கோயில்களில் நார் விரிப்பு இடுவதும், நடைபாதைக்கு வெள்ளை வண்ணம் பூசி வெயிலைத் திருப்பியனுப்புவதும் அடியார்களுக்குச் செய்யும் நல்ல தொண்டு என்பதில் சந்தேகமில்லை.

இன்னொரு நுட்பமும் சொல்லவேண்டும். ஓரடி எடுத்துவைத்து மறுகணமே காலைத் தூக்கிவிடுகிறவருக்குத் தரையின் மேற்பரப்பு மட்டுமே தெரியும். கல்லில்கூட ஒரு நிமிஷத்தில் வெப்பம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழந்தான் இறங்குகிறது. ஒரு மணி நேரம் படுத்திருப்பவரின் சூடோ ஆறேழு சென்டிமீட்டர் வரை போய்விடும். ஆகையால், நடப்பவருக்கு டைலின் குணமும், படுத்துறங்குபவருக்கு டைலுக்கு அடியிலுள்ள காரையின் குணமும் முக்கியமாகின்றன. தரைத்தளத்து வீட்டில் அந்தக் காரைக்கும் கீழே பூமி இருக்கிறது. சில மீட்டர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் பெரும் மாறுதலின்றி நிற்கும் அதன் உஷ்ணம், வைகாசி வெயிலிலும் தரையைத் தணிவாக வைத்திருக்க உதவுகிறது. மொட்டைமாடிக்குக் கீழேயுள்ள அறையிலோ, மேல்தளத்தின் வெக்கை தரைமீதும் இறங்கி, மாலையில் தரையின் உஷ்ணம் பாதத்தின் உஷ்ணத்தை எட்டிவிடுவதும் உண்டு. அப்போது இழுத்துக்கொள்ள வேற்றுமையே இல்லாமையால், எவ்வளவு உயர்ந்த சலவைக்கல்லும் குளிர்ச்சி தராது. அந்த வீட்டார் பணத்தைத் தரையில் போடாமல் மாடித்தளத்தின் வெயிற்காப்புக்குச் செலவிடுவதே தக்கது.

இனி, கறைபடுதலைப் பார்ப்போம். மக்ரானாச் சுரங்கத்திலிருந்து வந்து தாஜ்மகாலாய் நிமிர்ந்த சலவைக்கல்லும், நம் சமையலறை மேடைகளில் நெடுங்காலமாக இருந்துவரும் கடப்பைக்கல்லும், ராஜஸ்தானத்துக் கோட்டாக் கல்லும் தோற்றத்தில் வேறுபட்டாலும் இரசாயனத்தில் உறவினவே. கடப்பைக்கல்லும் கோட்டாக் கல்லும் சுண்ணாம்புப் பாறைகள். அத்தகைய பாறை பூமிக்குள் வெந்து அழுந்தி உருமாறியதே சலவைக்கல். இவற்றின் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் கார்பனேட், புளிப்புள்ள எதனோடு கூடினாலும் கரியமிலவாயுவை வெளிவிட்டுக் கரையும். பாறையின்மேல் நீர்த்த அமிலம் ஒரு துளி விட்டு, நுரைக்கிறதா என்று பார்ப்பது நிலவியலார் இன்றும் களப்பணியில் செய்துபார்க்கும் பரீட்சை. எலுமிச்சம்பழச் சாறோ புளிக்கரைசலோ சிந்திச் சிறிது நேரம் கிடந்த இடத்தில், துடைத்த பின்னும் மங்கலாய் ஒரு வட்டம் நிற்குமே, அது கறை அன்று. மெருகேற்றிய மேற்பரப்பு அவ்விடத்தில் கரைந்துபோன பள்ளம். எந்தச் சோப்பும் அதைப் போக்காது. திரும்பவும் மெருகு தீட்டினாலன்றித் தீராது. கிரானைட்டில் உள்ளவை பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லும் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமமும் ஆதலால், எலுமிச்சையால் அதற்குக் கேடில்லை. கழிவறை கழுவும் ஆசிட்டைச் சலவைக்கல்லின்மேலும் டைல்களின் இடையே பூசிய சிமெண்டின்மேலும் ஊற்றுகிற வழக்கத்தை மட்டும் அறவே விட்டுவிட வேண்டும்.

தேய்மானத்துக்கும் காரணம் எளியதே. பிரெடரிக் மோஸ் என்பார் 1812-இல், எந்தக் கனிமம் எதைக் கீறும் என்பதை வைத்தே 1 முதல் 10 வரை ஒரு கடினவரிசை வகுத்தார். சலவைக்கல்லின் சுண்ணாம்புக் கனிமம் அதில் 3. செருப்பில் ஒட்டி வரும் மணலிலுள்ள படிகக்கல் 7. வாசற்படியை ஒட்டிய சலவைக்கல் முதலில் மங்குவதன் மர்மம் இதுதான். வாசலில் ஒரு நல்ல மிதியடி போடுவது பாலீஷ்காரரை அழைப்பதைவிட மலிவு.

நீரும் எண்ணெயும் உட்புகுவது நுண்துளைகளின் வழியே. இதை அளக்கும் முறை அழகானது: டைலை உலையில் நன்றாகக் காயவைத்து நிறுத்து, நீரில் ஊறவைத்தோ வெந்நீரில் கொதிக்கவைத்தோ மீண்டும் நிறுத்து, கூடிய எடையைக்கொண்டு உள்ளே எவ்வளவு துளை என்று கணக்கிடுகிறார்கள். களிமண், ஃபெல்ட்ஸ்பார் பொடி, படிகக்கல் பொடி ஆகியவற்றைக் கலந்து அழுத்தி 1200 பாகையளவில் சுடும்போது, ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி இடுக்குகளை அடைத்துவிடுவதால், விட்ரிஃபைடு டைல் தன் எடையில் நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேல் நீர் ஏற்பதில்லை. சுவரில் பதிக்கும் சாதாரண டைல் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேல் குடிக்கும். கடையிலேயே டைலின் முதுகுப்புறத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு, அது மறைகிறதா, நிற்கிறதா என்று பார்த்தால் இனம் விளங்கிவிடும்.

சிமெண்டு நெருப்பால் இறுகுவதன்று, நீரால் இறுகுவது. சிமெண்டுத் துகள் நீரோடு சேர்ந்து புதிய படிகங்களாய் வளர்ந்து ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. அந்த வளர்ச்சி முடியுமுன் நீர் உலர்ந்துவிட்டால், பின்னல் அரைகுறையாக நின்று, தரை வெடித்துத் தூசியாய் உதிரும். தரையில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைப்பது இதற்காகவே. நம் பாட்டனார் காலத்துச் சிவப்புத் தரைகள் இன்றும் கண்ணாடிபோல் இருப்பதற்கு, சிமெண்டுப்பாலை விட்டுக் கரணையால் விடாது அழுத்தித் தேய்த்த கொத்தனாரின் பொறுமையும், அதன்பின் நாள்தோறும் நீர் விட்ட வீட்டாரின் பொறுமையும் காரணங்கள். அந்தச் சிவப்பு இரும்பின் துருவேயாதலால், வெயிலில் வெளுப்பதுமில்லை. எனினும் உலரும்போது சுருங்குவது சிமெண்டின் இயல்பு. அகலமான அறையில் எங்கேனும் ஒரு மயிரிழை விரிசல் வந்தே தீரும். மொசைக் தரையில் கண்ணாடிப் பட்டிகளைப் பதித்துக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது, அந்த விரிசலை நாம் விரும்பும் கோட்டில் விழச்செய்யும் உபாயம்.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கல் வார்ப்பதை நேரில் பார்ப்பவர்களுக்கு இந்தச் சாஸ்திரம் முழுவதும் கண்முன்னே விளங்கும். சதுரக் கண்ணாடி ஒன்றைத் துடைத்து வைத்து, அதைச் சுற்றி இரும்புச் சட்டம் பொருத்தி, உள்ளே கோலம்போன்ற தகட்டு அச்சை இறக்குகிறார்கள். அச்சின் ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் வார்த்துவிட்டு, கை நடுங்காமல் அச்சைத் தூக்குகையில், குழம்புகள் ஒன்றோடொன்று கலவாமல் பூவும் கொடியுமாய் நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி மிகுந்த நீரை உறிஞ்சவிட்டு, பிறகு ஈரக்காரை இட்டு மட்டம் செய்கிறார்கள். உலர்ந்தபின் நீர்த்தொட்டியில் சில நாள் கிடக்கிறது. சூளையோ மெருகு இயந்திரமோ இதில் இல்லை. கண்ணாடியை நீக்கும்போது தென்படும் பளபளப்பு, கண்ணாடியின் வழவழப்பைச் சிமெண்டு அப்படியே பிரதியெடுத்துக்கொண்டதால் வந்தது. நடக்க நடக்கவும், எண்ணெய்த் துணியால் துடைக்கத் துடைக்கவும் மெருகு கூடும். ஆனால் இது விட்ரிஃபைடு அன்று; புளிப்பும் ஆசிட்டும் இதற்கும் ஆகா.

மரத்தைப் பற்றி நம் நாட்டில் அதிகம் பேச வேண்டியதில்லை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது உப்பும், கோடையில் சுருங்கும், கரையான் நாடும். மரத்தூளை அழுத்திச் செய்து படம் ஒட்டிய பலகைகள் நீர் புகுந்தால் ஓரம் உப்பி, பழையபடி படியாது. மலைவாசஸ்தலங்களில், காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் பாதத்துக்கு மரத்தரை இதமானது. வாங்குதிறன் குறைவு என்ற அதே குணம் அங்கே நன்மையாகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில் சொல்ல வைத்திருந்தேன். உலர்ந்த வழவழப்பான தரையில் வெறுங்கால் நன்றாகவே பற்றும். வழுக்குவது நீர் சேர்ந்தபோது. பாதத்துக்கும் தரைக்கும் நடுவே சோப்பு நீர் மெல்லிய படலமாய் அகப்பட்டுக்கொண்டால், இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தரையில் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகள் இருந்தால், அவை படலத்தைத் துளைத்துக்கொண்டு பாதத்தைத் தொடும். நீருக்கும் ஒதுங்கப் பள்ளம் கிடைக்கும். ஜெர்மானியர் இதை அளப்பதற்கு, சாய்க்கக்கூடிய மேடையில் தரைக்கல்லைப் பதித்து எண்ணெய் தடவி, இடுப்பில் பாதுகாப்புக் கயிறு கட்டிய ஒரு மனிதரைச் சிறப்புக் காலணியோடு நடக்கவிட்டு, மேடையைச் சிறிது சிறிதாகச் சாய்க்கிறார்கள். அவர் நிலைதடுமாறும் கோணத்தைக்கொண்டு ஆர் 9 முதல் ஆர் 13 வரை தரம் பிரிக்கிறார்கள். 6 முதல் 10 பாகைச் சாய்வுக்குள் வழுக்கினால் ஆர் 9, 19 பாகைக்கு மேல் தாங்கினால் ஆர் 11. வெறுங்காலோடு சோப்பு நீரில் நடக்கவிடும் சோதனையும் தனியே உண்டு. 12 பாகை தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் சி. தரமான டைல்களின் விவரக்குறிப்பில் இந்தக் குறிகள் காணக்கிடைக்கும். கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை.

கூடத்துக்குப் போட்டது போக மிச்சமிருக்கிறதே என்று அதே பளபளப்பான டைலைக் குளியலறையிலும் பதித்துவிடும் வழக்கம் பெருகி வருகிறது. முதியவர் ஒருவர் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த மிச்சத்தில் சேமித்த தொகை எம்மூலைக்கு? வீடு கட்டுவோரே, கூடத்தில் உங்கள் மனம்போல் எதை வேண்டுமாயினும் பதியுங்கள். குளியலறைக்கும் துவைக்கும் இடத்துக்கும் சொரசொரப்பான, பற்றுள்ள கல்லையே கேளுங்கள். விலை பேசுமுன் ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்து வந்து, சோப்பு நீர் ஊற்றி, சுவரை ஒரு கையால் பற்றிக்கொண்டு, வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கால் நழுவினால் அந்தக் கல் எவ்வளவு அழகாயிருந்தாலும் குளியலறைக்கு வேண்டாம்.